கணக்கொப்புவிப்பு, ஈரெல்லை வழக்கு: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கட்டட நிதி குறித்துத் தகவல் அறியும் உரிமை மனு எழுதுவோருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘அக்கவுண்டபிலிட்டி’ (செய்ததற்கு உரியவர் முன் பதில் சொல்லும் கடமை) என்பதற்கு நேராகப் ‘பொறுப்பு’ என்று மட்டும் குறித்துவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பொறுப்பு என்பது ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி. தலைமையாசிரியர் விடுப்பில் சென்றால் மூத்த ஆசிரியர் ‘பொறுப்பு’ பார்க்கிறார்; அவர் பெயருக்குப் பக்கத்திலும் ‘பொறுப்பு’ என்றே எழுதுகிறோம். அந்தப் பணியை எப்படிச் செய்தார், அதற்கென வந்த பணத்தை எதில் செலவிட்டார் என்று இன்னொருவர் முன் வைப்பது முற்றிலும் வேறு செயல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘நான்தான் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டு எதையும் காட்டாமல் எழுந்து போவதற்கு மொழியே வழிவிட்டதாகிவிடும்.

இது எனக்கு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தபோது, புதிதாகக் கட்டிய இரண்டு வகுப்பறைகளில் முதல் மழைக்கே கூரை ஒழுகியது. எவ்வளவு தொகை வந்தது, யார் அளந்தார்கள், எந்த அளவுப் புத்தகத்தில் (முடிந்த பணியின் அளவுகளைப் பதியும் ஏட்டில்) பதிந்தார்கள் என்று கேட்டோம். ‘யூ.சி. அனுப்பியாயிற்று’ என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, ஆகவே கணக்கு முடிந்தது என்பது அதன் பொருள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மானியம் பெற்றவர், நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் அந்தச் சான்றிதழை மானியம் தந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் சொல்வது. அந்த விதியின்படி கணக்கு மேல்நோக்கி மட்டுமே போகும். ஒழுகும் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாயை நோக்கி அது வருவதற்கு அங்கே வாசகம் எதுவும் இல்லை. எனவே நாம் ஆக்கும் சொல்லில், கணக்கு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி உள்ளேயே அமைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். ‘விடையிறுப்பு’ செவிக்கு இனியது, பழமையும் உடையது. ஆனால் விடை என்பது எதுவாகவும் இருக்கலாம். நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது; கேட்டவரையே ‘நீ செய்’ என்று ஏவுவதும், கேள்விக்கு எதிர்க்கேள்வி போடுவதும் அந்த எட்டில் அடங்கும். இலக்கணத்துக்கு அவை விடைகள்தாம். பொதுப்பணத்தைக் கையாண்டவர் சொல்லும்போது அவற்றை நாம் விடையென்று ஏற்க முடியாது. ‘உத்தரவாதம்’ என்ற சொல்லின் வேரிலும் மறுமொழி என்ற பொருளே உண்டு. மலையாளத்தில் அது இன்றும் பொறுப்பைக் குறிக்கிறது. தமிழிலோ உறுதிமொழி, பிணை என்ற பக்கம் சாய்ந்துவிட்டது, இனித் திருப்ப இயலாது. பழைய கோர்ட்டுத் தமிழில் ‘ஜவாப்தாரி’ புழங்கியது. பதில் சொல்லும் கடமை என்பது அதன் பொருள். அதன் உறவுச் சொல்லான ‘ஜவாப்தேஹி’யை ராஜஸ்தானின் தொழிலாளர், உழவர் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஓர் இயக்கத்தின் சொல்லாகவே ஆக்கிக் காட்டியது. 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் அவர்கள் நடத்திய முதல் மக்கள் விசாரணையில், அரசுப் பதிவேட்டில் இருந்த செலவு விவரங்கள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்ற அவர்களுடைய முழக்கம் நம் விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது, ஏனெனில் அங்கே மக்களின் வாயில் வந்த சொல் ‘கணக்கு’. அதே மாநிலத்தில், ஜாலாவார் மாவட்டத்துப் பிப்லோதி அரசுப் பள்ளியின் கூரை 2025 ஜூலை 25 அன்று இடிந்து 7 குழந்தைகள் இறந்தார்கள். இங்கே 2021 டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். இவற்றை எழுதும்போது ‘பொறுப்பு’ என்ற தளர்வான சொல்லோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு என்ற வேரைக் கொண்டால் நமக்கு இரண்டு மரபுகள் கைகொடுக்கின்றன. முதலாவது கல்வெட்டு. முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921 அளவில், குடவோலையில் பெயர் எழுதத் தகாதவர்களைச் சொல்லும்போது, வாரியம் (ஊர்ச்சபையின் குழுப் பணி) செய்துவிட்டுக் ‘கணக்குக் காட்டாதே இருந்தாரை’ விலக்குகிறது. அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்குகிறது. இந்தக் கருத்துக்கு நாம் வெளியிலிருந்து சொல் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயினும் ‘கணக்குக் காட்டுதல்’ என்பதையே கலைச்சொல்லாக்க நான் தயங்குகிறேன். ‘கணக்குக்குச் செய்தான்’, ‘கணக்குக் காட்டிவிட்டான்’ என்றெல்லாம் இன்று பேசும்போது, உண்மையில் செய்யாமல் ஒப்புக்குச் செய்தது என்ற நிழல் அதன்மீது விழுகிறது. ஒழுகும் வகுப்பறைக்கு நடந்ததும் அந்தப் பொருளில்தான் ‘கணக்குக் காட்டல்’.

இரண்டாவது மரபு, விவிலியத் தமிழ். ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் ‘நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்’ என்று வருகிறது. லூக்கா 16இல் எஜமான் தன் உக்கிராணக்காரனிடம் (சொத்தை மேற்பார்ப்பவனிடம்) கணக்கை ஒப்புவிக்கச் சொல்கிறான். சமயம் சாராத பொதுப் பயன்பாட்டுக்கு இந்தச் சொல் முழுவதும் ஏற்றது என்றே கருதுகிறேன். இதன் வலிமை ‘ஒப்புவி’ என்ற வினையில் இருக்கிறது. பள்ளியில் பாடம் ஒப்பித்த எல்லோருக்கும் அது தெரியும்: எதிரில் ஒருவர் இல்லாமல் ஒப்பிக்க முடியாது, அவர் தலையசைக்கும் வரை அது முடிந்ததாகவும் ஆகாது. ‘கூறல்’ என்ற வினையை ஆளில்லாத மண்டபத்திலும் செய்துவிடலாம். ‘ஒப்புவித்தல்’ என்றதும், யாரிடம் என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

இலங்கை நண்பர்கள் ‘பொறுப்புக்கூறல்’ அங்கே நிலைபெற்றுவிட்டதைச் சுட்டிக்காட்டினார்கள். அது உண்மை, அந்த நிலைபேற்றைக் கலைக்க நான் விரும்பவில்லை. இறுதிப் போரின் குற்றங்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவைத் தீர்மானங்களைத் தமிழில் பேசுகிற ஒவ்வொருவரும் அந்தச் சொல்லால்தான் நீதி கேட்கிறார்கள்; காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் உச்சரிக்கும் சொல்லைப் பட்டியல் போடுகிற நாம் மாற்றலாகாது. ஆகவே பொதுப்பொருளுக்குப் பொறுப்புக்கூறல் என்பதையே இரு கரைக்கும் உரியதாக வைத்துக்கொண்டு, பொதுப்பணத்தைக் கையாண்டவர் அதன் வரவையும் செலவையும் விளைவையும் உரியவர் முன் வைப்பதற்குக் ‘கணக்கொப்புவிப்பு’ என்பதைத் தனிச்சொல்லாக ஆளலாம் என்பதே என் முன்மொழிவு. ‘தணிக்கை’ இதற்கு ஈடாகாது. அது பிறர் வந்து செய்யும் ஆய்வு. அதற்கு இலங்கையர் சொல்லும் ‘கணக்காய்வு’ தெளிவாக இருக்கிறது, திரைப்படத் தணிக்கையோடு குழம்பும் இடரும் அதில் இல்லை.

இந்தச் சொல்லைச் சட்ட வாசகங்களின்மீது வைத்துப் பார்த்தால் எங்கே இடைவெளி என்பது தெரிகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு, உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் உள்ள மேலாண்மைக் குழுவை அமைத்து, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு வழியிலோ வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் பணியை அதற்குத் தருகிறது. கண்காணிக்கச் சொல்கிறதே தவிர, அந்தக் குழுவிடம் இன்னார் கணக்கொப்புவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மாநிலக் கணக்குகள் பற்றிய தலைமைத் தணிக்கையரின் அறிக்கை, அரசியலமைப்பின் 151ஆம் உறுப்பின்படி ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. பின்பு பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. அங்கே ஒப்புவிக்கப்படுவது சட்டமன்றத்திடம். 2022–23 நிதிநிலை அறிக்கையில் 5 ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் வகுப்பறைகளுக்கும் இந்தப் பாதைதான். ஊர்க்காரருக்கு எஞ்சுவது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவும் 30 நாள் காத்திருப்பும். அந்த மனுவில் ‘இப்பணிக்கான கணக்கு யாரிடம், எந்தத் தேதியில் ஒப்புவிக்கப்பட்டது?’ என்று எழுதினால், பொறுப்பு பற்றிய பொதுவான மறுமொழிக்கு இடமிருக்காது.

இனி, பட்டியலின் அடுத்த பதிவான ‘கிராஸ் பார்டர் லிட்டிகேஷன்’, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளையோ மாநிலங்களையோ தொடும் வழக்கு. ‘எல்லை தாண்டிய வழக்கு’ என்ற மொழிபெயர்ப்பை நாளிதழ்த் தமிழ் எளிதாகத் தந்துவிடும். ஆனால் அதை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லை தாண்டிய பயங்கரவாதம், எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கைது என்று வாசித்து வாசித்து, ‘தாண்டிய’ என்றதுமே குற்றம் நினைவுக்கு வருகிறது. வழக்குத் தொடுத்தவரே குற்றவாளிபோல் ஒலிக்கும். ‘பன்னாட்டு வழக்கு’ என்றால் மாநிலங்களுக்கு இடையிலானவை விடுபட்டுப்போகும். இந்தியாவில் நாம் அதிகம் அறிந்தவை அவைதாமே.

முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கை நினைவுகூருங்கள். பேராசிரியர் க. அன்பழகனின் மனுவை ஏற்று உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. பள்ளிக் கட்டடத் திட்டம் தாங்கியிருப்பதும் அவர் பெயரைத்தான். குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் நடந்ததாகச் சொல்லப்பட்டவை பற்றியது, நீதிமன்றம் பெங்களூரில், அரசு வழக்கறிஞரை நியமிக்க வேண்டியது கர்நாடகம். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டின்போது தமிழ்நாடு அரசு நியமித்த வழக்கறிஞர் முன்னிலையானது செல்லாது, அந்த அதிகாரம் கர்நாடகத்துக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 27 அன்று சொன்னது. அடுத்த மாதம் வந்த விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துக் கர்நாடகமே மேல்முறையீடு செய்தது. 2017 பிப்ரவரி 14 அன்று விசாரணை நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பு மீட்கப்பட்டது. ஒரு மாநிலத்து மக்களுக்குச் சேர வேண்டிய கணக்கை இன்னொரு மாநில அரசு நீதிமன்றத்தில் நின்று கேட்டது என்பதே அந்த வழக்கின் அமைப்பு. அதற்குப் பெயர் வைக்க முடியாத கலைச்சொல்லால் நமக்கு என்ன பயன்?

எனவே ‘ஈரெல்லை வழக்கு’ என்று முன்மொழிகிறேன். ‘அது எங்கள் எல்லைக்குள் வராது’ என்று காவல் நிலையத்தில் சொல்லக் கேட்டவர்களுக்கு, எல்லை என்பது வெறும் நிலக்கோடு அன்று, அதிகார வரம்பும்கூட என்பது தெரியும். இலங்கையில் நியாயாதிக்கம் என்று சொல்வதும் அதுவே. இரண்டு அதிகார வரம்புகளைத் தொடும் வழக்கு என்ற பொருள் சொல்லிலேயே கிடைக்கிறது. மூன்று நாடுகள் தொடர்புடையதானால் மூவெல்லை வழக்கு என்று நீட்டவும் இடமுண்டு. ஒன்றை மட்டும் விலக்கி வைக்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024–25க்கு வர வேண்டிய 2,151.59 கோடி ரூபாயை, ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்குரிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடாததைக் காரணமாக்கி ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது என்று சொல்லி, வட்டியுடன் 2,291 கோடி கேட்டுத் தமிழ்நாடு 2025 மே மாதம் அரசியலமைப்பின் 131ஆம் உறுப்பின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்தில் தொடுத்தது ஈரெல்லை வழக்கு ஆகாது. இரண்டு அரசுகளும் ஒரே நீதிமன்றத்தின் முன் நிற்கின்றன. அதற்கு ‘மூல வழக்கு’ என்ற வழக்கமான பெயரே சரி.

வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர்கள் பணம் அனுப்பிக் கட்டும் வகுப்பறைகள் பெருகிவருவதால், இரண்டு சொற்களும் ஒரே மனுவில் சந்திக்கும் நாள் வரும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு சங்கம், ஒப்பந்தப்படி கட்டவில்லை என்று தன் நாட்டின் மேல்நிலை நீதிமன்றத்தில் வழக்காடித் தீர்ப்பாணை பெற்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவின்கீழ் அதை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோரலாம். அந்த நாடுகள் இதற்கென அரசிதழில் அறிவிக்கப்பட்டவை. அமெரிக்கா அப்படி அறிவிக்கப்படாததால், அங்கே பெற்ற தீர்ப்பை அடிப்படையாக வைத்து இங்கே 3 ஆண்டுகளுக்குள் புதிய வழக்குத் தொடுக்க வேண்டும். இரண்டு நிலையிலும், வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று சொல்லும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு விதிக்கும் தடைகளைத் தாண்டியாக வேண்டும். இவை ஈரெல்லை வழக்குகள். அவற்றில் கேட்கப்படுவது கணக்கொப்புவிப்பு.

சொல்லைத் தொடர்களில் பழக்கிப் பார்த்தேன். ‘கணக்கொப்புவிக்காத அலுவலர்’ என்றால் கடமையிருந்தும் செய்யாதவர். ‘கணக்கொப்புவிக்க வேண்டாத அமைப்பு’ என்றால் அக்கடமையே இல்லாதது. ஆங்கிலச் சொல் ஒன்றாக அடக்கிவிடும் இந்த இரண்டையும் தமிழ் வினை பிரித்துக் காட்டுகிறது. கடமையைத் தனியே குறிக்கக் ‘கணக்குக்கடன்’ என்று சுருக்கலாம் என முதலில் எண்ணினேன். கடன் என்றதும் வங்கிதான் நினைவுக்கு வரும் என்பதால் கைவிட்டேன். ‘கணக்கொப்புவிக்கும் கடமை’ நீளமானாலும் பிறழப் புரியாது.

மேலாண்மைக் குழுக்களுக்கான மாதிரித் தீர்மானத்தில் பின்வரும் தொடரைச் சேர்த்திருக்கிறேன்: ‘இப்பள்ளியின் கட்டடப் பணிக்கென வந்த தொகை, அளவுப் புத்தகப் பதிவு, செலவு ஆகியவற்றின் கணக்கு, பணி முடிந்த 30 நாள்களுக்குள், கூடியிருக்கும் பெற்றோர் முன் வாசிக்கப்பட்டு இக்குழுவிடம் ஒப்புவிக்கப்பட வேண்டும்.’ சொல்லிலோ சட்டத்திலோ பிழை தென்பட்டால், அச்சுக்குப் போகுமுன் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.