ஸ்டாக் கார்: ஓட்டியவர்கள், கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஷார்லட், வட கரோலினா

காசு கட்டினால் ஷார்லட் மோட்டார் ஸ்பீட்வேயில் பழைய பாணி ஸ்டாக் காரை (அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் ஓடும் கார்) நாமே ஓட்டிப் பார்க்கலாம். அலுவலக நண்பர்களோடு போயிருந்தேன். கதவு கிடையாது, ஜன்னல் வழியாகக் காலை விட்டு இறங்க வேண்டும். ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்திருப்பார்கள், உட்கார்ந்த பிறகுதான் மாட்டுவார்கள். நாலு கியர். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று கைகொடுக்க எதுவும் இல்லை.

முதலில் கையில் பட்டது, நேர்ப் பாதையில் கார் நேராகப் போகாது என்பதுதான். இடதுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் லேசாகப் பிடித்திருந்தால்தான் நேராக ஓடும். கோளாறு எதுவும் இல்லை, ஓவல் (நீள்வட்ட) பாதையில் எப்போதும் இடதுபக்கமே திரும்ப வேண்டும் என்பதால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். டீக்கடை பேப்பர் கப்பைப் படுக்கவைத்து உருட்டினால் வட்டமடிக்குமே, அதே கணக்கு. 24 டிகிரி சாய்ந்த வளைவுக்குள் நுழைந்ததும் இழுப்பு நின்று, கார் பாதையில் அழுந்தி உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்துக்காகவே செய்த வண்டி என்று அப்போது புரிந்தது.

அப்புறம் அதே மைதானத்தில் பந்தயம் பார்க்கப் போனபோது ஸ்கேனர் வாடகைக்கு எடுத்தேன். ஓட்டுநரும் க்ரூ சீஃபும் (காரின் அணியை நடத்துபவர்) ரேடியோவில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை ஸ்டாக் கார் பொறியியலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஃபார்முலா 1 ஓட்டுநர் பிரேக் பகிர்வு, டிஃபரன்ஷியல், மின்சக்திப் பயன்பாடு எல்லாவற்றையும் ஸ்டீயரிங்கிலேயே மாற்றிக்கொள்வார். கார் அனுப்பும் தகவலும் வண்டி வண்டியாக வந்து குவியும். இங்கே ஓட்டுநர் வாயால் சொல்ல வேண்டும்: “நுழையும்போது டைட், வெளியே வரும்போது லூஸ்.” முன்பக்கம் திரும்ப மறுத்தால் டைட், பின்பக்கம் நழுவினால் லூஸ். அதைக் கேட்டு க்ரூ சீஃப் முடிவு செய்வார். அடுத்த பிட் ஸ்டாப்பில் (டயர் மாற்ற, எரிபொருள் நிரப்ப கார் நிற்கும்போது) ஒருவர் நீளமான ரெஞ்சைப் பின்கண்ணாடியில் உள்ள துளைக்குள் விட்டு ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவார். வலது முன், இடது பின் சக்கரங்கள் மூலைவிட்டமாகத் தாங்கும் எடை அதனால் கூடும் அல்லது குறையும். கூட்டினால் கார் டைட் ஆகும், குறைத்தால் லூஸ். டயர்க் காற்றிலும் அரை பவுண்டு, ஒரு பவுண்டு என்று விளையாடுவார்கள். நான் கேட்ட ஓட்டுநர் முதல் பாதி முழுக்கப் புலம்பிக்கொண்டே இருந்தார். இரண்டு ஸ்டாப்புக்குப் பிறகு ரேடியோவில் சத்தமே இல்லை. கார் முன்னேறிக்கொண்டிருந்தது.

சென்னை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஃபார்முலா எல்ஜிபி என்ற சிறிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஓட்டியிருக்கிறேன். மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சின், இறக்கை கிடையாது, எடை ரொம்பக் குறைவு. கையை அசைத்தால் கார் அசையும். இடதும் வலதும் மாறி மாறி வருவதால் செட்டப்பை இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்போம்.

அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போனபோது மார்டின்ஸ்வில் என்ற நாஸ்கார் ஓவல் டிராக்குக்குப் போனேன். ஒரு சுற்றே 0.526 மைல்தான், வளைவில் சாய்வு வெறும் 12 டிகிரி. கராஜ் பக்கம் போய் ஒரு காரை நேர் எதிரே நின்று பார்த்தேன். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன! எங்கள் மெக்கானிக் பார்த்தால் விபத்தில் வளைந்த கார் என்றே நினைப்பார். ஒன்றரை டன் கனம், அப்போது 670 குதிரைத்திறன், இரண்டு வளைவிலும் முழு பிரேக். இருட்டியதும் டிஸ்க் செந்நிறமாக எரிவது கேலரியிலிருந்தே தெரிகிறது. 2025-இல் ஃபார்முலா 1 காரோ ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோதான், திறன் ஏறக்குறைய ஆயிரம். இரண்டிலும் பிரேக் மிதிப்பது ஒரே வேலை இல்லை.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை நினைத்துக்கொண்டேன். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டியவர், 2010-இல் இதே மார்டின்ஸ்வில்லில்தான் நாஸ்கார் பிக்கப் டிரக் பந்தயத்தில் அறிமுகமானார். அப்போதைய டிரக்கில் பின்பக்கம் ஒரே துண்டான ஆக்சில். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மறுபக்கமும் ஆடும். 13-ஆவதாக முடித்தார். அந்த வண்டியோடு அந்த டிராக்கில் முதல் நாளே 13 என்பதை இங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பாரிஸ்

நான் யாழ்ப்பாணத்தான், இங்கே வந்து கன காலம். 2023-இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தின் நூற்றாண்டு. நாஸ்கார்க்காரர் செவ்ரோலே கமரோ ஸ்டாக் கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். ஹென்ட்ரிக் அணி தயாரித்தது. ஜிம்மி ஜான்சன், ஜென்சன் பட்டன், ராக்கன்ஃபெல்லர் மூவரும் ஓடினார்கள். எடையை 1,342 கிலோவுக்குக் குறைத்து, கார்பன் பிரேக் போட்டு, இரவுக்கு முன்விளக்கும் பூட்டியிருந்தார்கள். மற்ற வண்டிகள் சீறிக்கொண்டு போகும். இது வரும்போது இரும்புக் கதிரையே அதிரும். 5.8 லிட்டர் வி8, டர்போ இல்லை. சனம் எழும்பி நின்று கை தட்டியது, பிரெஞ்சுக்காரர் உட்பட.

சத்தத்துக்கு மட்டும் கொண்டுவந்தது என்று சிலர் கதைத்தார்கள். தகுதிச் சுற்றில் ஜிடிஇ கார்கள் (சாலை ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவாக்கிய பிரிவு) எல்லாவற்றையும்விட வேகம். பிட் ஸ்டாப் போட்டியிலும் கையால் அடிக்கிற ஜாக்கியை வைத்தே ஜிடிஇ பிரிவில் முதலிடம், மற்றவர்களின் கார் காற்றழுத்தத்தில் தானாக எழும்பும். கடைசியில் கியர்ப் பக்கம் பழுது வந்து நேரம் போனது, 39-ஆம் இடம். ஆனால் முழுவதும் ஓடி முடித்தது.

சிகாகோ

பாரிஸ் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022-இல் நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப்புக்கு வந்த புதிய கார்தான் அந்தக் கமரோவுக்கு அடிப்படை. பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், சீக்வென்ஷியல் 5 கியர், 18 அங்குலச் சக்கரம், ஐந்து நட்டுக்குப் பதில் ஒரே நட்டு. ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் பந்தயத் தொடரின் கார்களுக்குக் கிட்டத்தட்ட உறவுக்காரன். 2023 ஜூலையில் இங்கே தெருவில் நடந்த பந்தயத்தை மழையில் நனைந்துகொண்டே பார்த்தேன். அந்த சூப்பர்கார்ஸில் ஓட்டி வந்த நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் கப் தொடரில் முதன்முதலாக ஓட்டி, அன்றே ஜெயித்துவிட்டார். கார் அவருக்குப் பழகியதுபோலவே இருந்திருக்க வேண்டும்.

கார் மாறிவிட்டது, இனி யார் வந்தாலும் ஓட்டலாம் என்று நண்பன் அன்றைக்கே சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2025-இல் வான் கிஸ்பெர்கன் 5 பந்தயம் ஜெயித்தார், ஐந்தும் இடது வலது இரண்டும் உள்ள டிராக்குகள். ஓவலில் முதல் பத்துக்குள் வருவதே அவருக்கு அபூர்வமாக இருந்தது. ஷார்லட் நண்பர் சொன்ன அந்த இடது இழுப்பை ஓவலில் ஓடி ஓடித்தான் பழக வேண்டும். யாராவது ஸ்பிரிண்ட் கார் ஓட்டியிருந்தால் எழுதுங்கள், மண்பாதையில் அது எப்படி என்று கேட்க ஆசை.