மினிக்குள்ள ஆர்1 இன்ஜின்: தினமும் ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா?

இங்கிலாந்துல இருக்கிற கார் பைத்தியங்களே, ஒரு யோசனை வேணும். பழைய மினி கார் ஒண்ணு விலைக்கு வருது. பின்சீட்டை எடுத்துட்டு அந்த இடத்துல யமஹா ஆர்1 பைக்கோட 998 சிசி இன்ஜினை உட்கார வெச்சிருக்காங்க. விக்கிறவர் ஓட்டிக் காட்டினார். 10,000 ஆர்பிஎம் தாண்டினதும் அது போடுற கூச்சல் இருக்கே, சொக்கிப் போயிட்டேன்.

ஆனா எனக்கு இது தினமும் வேலைக்குப் போய்வர. கீழ் ஆர்பிஎம்ல இழுவை கம்மி. டிராஃபிக்ல ஊர்ந்தா பைக் கிளட்ச் தாங்குமா? பைக் கியர்பாக்ஸ்ல ரிவர்ஸ் கிடையாதே, தனியா மோட்டார் வெச்சிருக்காங்க. மேட்டுல பின்னாடி ஏறுமா? ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாம் சேர்ந்து ஓடுற குளிர்கால சாயங்காலத்துக்கு பைக் இன்ஜினோட பேட்டரி சார்ஜிங் போதுமா?

பெரிய பயம் ஆயில்தான். வளைவுல பைக் சாயும், கார் அப்படிச் சாயாது. ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுத்தா பேரிங் காலி. இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற சம்ப்ல தடுப்புத் தகடு போட்டிருக்குன்னு விக்கிறவர் சொல்றார். கழட்டாம அதை எப்படி உறுதி பண்றது?

பாடியை வெட்டியிருக்கறதால வண்டிப் பதிவைப் பார்த்துக்கிற டிவிஎல்ஏவோட விதிப்படி பழைய நம்பரே நிலைக்குமா, இல்ல ஐவிஏ டெஸ்ட்டுக்கு (தனி வண்டியைச் சோதிச்சு அனுமதி தர்றது) போய், அடையாளம் உறுதியில்லாத வண்டிக்குத் தர்ற க்யூ நம்பர் வாங்கணுமா? இன்சூரன்ஸ் எப்படிச் சமாளிக்கிறீங்க?

சொந்தமா ஓட்டினவங்க சொல்லுங்க. "ஒழுங்கா வேற கார் வாங்கு"ங்கிற அறிவுரை வீட்லயே தாராளமா கிடைக்குது.