ஆம்னி பின் ஆக்சில் ஷாஃப்ட்: பழைய வளையத்தையே மீண்டும் ஏற்றலாமா?

திருவொற்றியூர்வாசி:
வணக்கம். சென்ற மழையில் எண்ணூர் பக்கம் தேங்கிய தண்ணீரில் என் மாருதி ஆம்னியை ஓட்டிவர நேர்ந்தது. இப்போது இடது பின்சக்கரத்தில் இரைச்சல் கேட்கிறது. டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ கியர் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது. பேரிங்கையும், கசிவைத் தடுக்கும் ஆயில் சீலையும் மாற்றிவிட்டு, பேரிங்கை நிறுத்திப் பிடிக்கும் இரும்பு வளையத்தை மட்டும் பழையதையே தட்டி ஏற்றலாம் என்கிறார்கள் பட்டறையில். பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால் தயங்குகிறேன். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மணலி லாரி மெக்கானிக்:
ஐயா, பழைய வளையத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். லாரியில் சுமையை ஹவுசிங்கும் (ஷாஃப்ட்டை மூடியிருக்கும் இரும்புக் கூடு) ஹப்பும் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) தாங்குவதால், ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். ஆம்னியில் சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் ஷாஃப்ட்டே சுமக்கிறது; பேரிங்கிலிருந்து அது நழுவாமல் காப்பது அந்த வளையத்தின் இறுக்கம்தான். ஒருமுறை கழற்றிய வளையத்தில் அந்தப் பிடி இருக்காது. ஓட்டத்தில் நழுவினால் ஷாஃப்ட், டிரம், சக்கரம் மூன்றும் சேர்ந்தே வெளியே வரும்.

டிரம்மைக் கழற்றக் கைபிரேக்கைத் தளர்த்த வேண்டியிருப்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை நம்பாமல் ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். முதலில் ஆயிலை இறக்கிப் பாருங்கள். மோர்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

வியாசர்பாடி லேத்:
ஷாஃப்ட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சீலின் உதடு (உள்விளிம்பு) உரசும் இடத்தில் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது சீல் போட்டாலும் ஆயில் கசியத்தான் செய்யும். பிறகு உள்முனைப் பற்களை வெளிச்சத்தில் நீளவாக்கில் நோக்குங்கள். வரிசை சற்றே முறுக்கியிருந்தாலும் அந்த ஷாஃப்ட் ஆகாது. வளைவைக் கண்ணால் கணிக்க முடியாது. லேத்தில் இரு முனைகளின் மையத்திலும் பிடித்துச் சுழற்றி, நுண்ணிய வளைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வளையத்தைக் கழற்ற, அதை கிரைண்டரில் முக்கால் பங்கு தேய்த்து, மெலிந்த இடத்தில் உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வெடித்துவிடும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். கிரைண்டர் கல் ஷாஃப்ட்டில் பட்டால், அந்தக் கீறலிலிருந்தே நாளைக்கு விரிசல் தொடங்கும். கேஸ் கட்டிங்கும் வேண்டாம், தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்புவதும் வேண்டாம். கடினப்படுத்திய இரும்பு அந்தச் சூட்டில் தன் வலுவை இழந்துவிடும். பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும்.

திருவொற்றியூர்வாசி:
நகம் தெளிவாகத் தட்டுகிறது. ஆயிலும் வெளுத்துத்தான் இருந்தது. ஷாஃப்ட், வளையம், பேரிங், சீல் நான்கையும் புதிதாகவே போடச் சொல்லிவிட்டேன். மிக்க நன்றி.

மணலி லாரி மெக்கானிக்:
நல்ல முடிவு, ஐயா. புது ஷாஃப்ட்டை நுழைக்கும்போது கையில் தாங்கி நேராகச் செலுத்தச் சொல்லுங்கள். பல் முனை உரசினால் புது சீலின் உதடு கிழிந்துவிடும். ஊறிய ஷூவைக் கழுவிப் போடாமல் இருபுறமும் மாற்றுங்கள். பிரேக் குழாயைக் கழற்றியிருந்தால், காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே வண்டியைத் தெருவில் எடுங்கள்.