எண்ணூர் கழிமுகச் சேற்றில் கன உலோகம்: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எத்தனை சாம்பிள், எப்படி எடுப்பது?

ஒற்றியூர்_மாணவன்:
எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி செமஸ்டர். எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் காரீயம், குரோமியம், நிக்கல், துத்தநாகம், காட்மியம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கூடவே பி.ஓ.டி., சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கரிம மாசு எவ்வளவு ஆக்சிஜனை எடுக்கும் என்ற அளவுகள்). ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நேரம். டிபார்ட்மென்டில் ஃபிளேம் ஏ.ஏ.எஸ். (கரைசலைச் சுடரில் தெளித்து உலோகத்தை அளக்கும் கருவி) இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் செப்பாக்கம் சாம்பல் குளம் பக்கம் உலோகம் அதிகம் என்று காட்ட வேண்டும். எத்தனை இடம், எப்படி எடுப்பது, எப்படிக் கரைப்பது?

சேறும்_நீரும்:
தம்பி, மூன்றையும் தொடாதீங்க. நாலு மாசத்துக்குச் சேறு ஒன்றே நிறைய வேலை. அங்கே தண்ணீர் வேளைக்கு வேளை மாறும். காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒரே இடத்துத் தண்ணீரே இல்லை. மீன் ஓர் இடத்தில் நிற்காது, அதன் உடம்பில் இருப்பதை எந்த இடத்துக்கும் கணக்கு வைக்க முடியாது.

கேள்வியையும் மாற்றுங்க. "அதிகம் என்று காட்ட வேண்டும்" என்று இறங்கினால் கைடே ஏற்க மாட்டார். "சாம்பல் குளத்திலிருந்து தள்ளிப் போகப் போகக் குறைகிறதா" என்று கேளுங்க, அதற்கேற்ப இடம் தேர்ந்தெடுக்கலாம். 12 இடம் போதும்: சாம்பல் படிந்த பகுதியில் 4, மணலியிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாயில் 3, புழல் உபரிநீர் வந்து சேரும் சடையங்குப்பம் பக்கம் 1, முகத்துவாரத்தில் 2, ஒப்பீட்டுக்கு வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே கொசஸ்தலையாற்றில் 2. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கிராப் (அடிச்சேற்றைக் கவ்வி எடுக்கும் கருவி) போட்டு ஒன்றாகக் கலங்க. மூன்று இடத்தில் மட்டும் கலக்காமல் தனித்தனியா வைங்க, ஓர் இடத்துக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

ஜனவரி ஆரம்பத்தில் போகாதீங்க. மழைக்காலத்தில் பூண்டியும் புழலும் திறந்தால் வெள்ளம் மேல்சேற்றை அரித்துக்கொண்டு போகும். பிப்ரவரியில் எடுங்க, எல்லா இடமும் அடுத்தடுத்த இரண்டு நாளில், கடல் வற்றும் நேரத்தில். ஒரே முறை எடுத்துவிட்டு "பருவகால மாற்றம்" என்று தலைப்பு வைக்க வேண்டாம்.

கிராப் மேலே வந்ததும் மூடியைத் திறந்து பாருங்க. மேலே மெல்லிய பழுப்புப் படலம், கீழே அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு. அந்தப் படலம் குலையாமல் இருந்தால்தான் சாம்பிள் சரி. கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி போடுங்க. கிராப் இரும்பு, அதனால் ஓரத்தை விட்டு நடுவில் மேல் 2 செ.மீ.யைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்க.

லேப்_பெஞ்ச்:
மேலே சொன்னதோடு ஒன்று, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: துகள் அளவு. முகத்துவாரம் மணல், உள்ளே களி. உலோகம் நுண்துகளில்தான் ஒட்டும். சலிக்காமல் கரைத்தால் முகத்துவாரம் சுத்தம், உள்பகுதி அசுத்தம் என்றுதான் எப்போதும் வரும்; அது மணலுக்கும் களிக்கும் உள்ள வித்தியாசம், மாசு இல்லை. எனவே 63 மைக்ரான் சல்லடை, அதுவும் நைலான். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் ஏற்றும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குரோமியத்தையும் நிக்கலையும் ஏற்றும். செம்பைத் தவிர மற்றவை நீங்கள் அளக்கப்போவதேதான்.

40 டிகிரியில் காயவைத்து, அகேட் உரலில் பொடியுங்கள். 0.5 கிராமுக்கு 9 மி.லி. நைட்ரிக், 3 மி.லி. ஹைட்ரோகுளோரிக், மூடிய மைக்ரோவேவில் கரைத்து 50 மி.லி. ஆக்குங்கள். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு வெற்று (சேறு இல்லாமல் அமிலம் மட்டும்), ஒரு இரட்டை (ஒரே சாம்பிள் இரண்டு முறை), ஒரு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுச் சேறு (உலோக அளவு முன்பே தெரிந்தது) கட்டாயம். இந்த அமிலம் சிலிகேட்டைக் கரைக்காது, சாம்பல் பெரும்பாலும் சிலிகேட் கண்ணாடிதான். ஆகவே "மொத்த அளவு" என்று எழுதாதீர்கள். அலுமினியத்தை வைத்துச் செறிவுக் காரணி (உலோகம்-அலுமினியம் விகிதம் இயல்பை விட எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட்டாலும் இதே சிக்கல்: உங்கள் அலுமினியம் பாதி கரைந்தது, ஒப்பிட எடுக்கும் ஷேல் (களிப்பாறை) சராசரி 8 சதவீதம் முழு அளவு. காரணி பொய்யாக ஏறும். அணைக்கட்டுக்கு மேலே எடுத்த சேற்றை அதே அமிலத்தில் கரைத்து, அதையே பின்னணியாக (ஒப்பிட வேண்டிய இயல்பு அளவாக) வையுங்கள்.

பின்னணியை விட உலோகம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காட்டும் புவிக்குவிப்புக் குறியீடு சுலபம். காரீயம் 90 மி.கி./கி.கி., பின்னணி 20 என்றால் 90 ÷ (1.5 × 20) = 3; அதன் 2 அடிமான மடக்கை 1.58, மிதமான மாசு வகை.

காட்மியத்துக்கு உங்கள் ஃபிளேம் போதாது. பின்னணி 0.3 மி.கி./கி.கி. என்றால் கரைசலில் லிட்டருக்கு 0.003 மி.கி.தான் வரும். இன்னும் நுண்ணிய அளவைக் காட்டும் கிராஃபைட் ஃபர்னஸ் ஏ.ஏ.எஸ். கிடைத்தால் செய்யுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

ஒற்றியூர்_மாணவன்:
ரொம்ப நன்றி. சேறு மட்டும் என்று முடிவு. கைடு சி.ஓ.டி.யாவது இருக்கட்டும் என்கிறார். சாம்பிள் எடுக்கப் போக போட்டுக்கு (படகுக்கு) என்ன செய்வது? சாம்பல் படிந்த இடத்தை எப்படி அடையாளம் காண்பது?

உப்புத்தண்ணி:
சி.ஓ.டி. வேண்டாம் என்று கைடிடம் காரணத்தோடு சொல்லுங்க. அந்தச் சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட், கரிமப் பொருளோடு உப்பில் உள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மி.கி. வரை இருக்கும், வழக்கமான முறை 2,000க்கு மேல் தாங்காது. அதை அடக்க மெர்குரிக் சல்பேட்டைக் கொட்டினால் பாதரசக் கழிவுதான் மிச்சம். கரிமக் கார்பன் வேண்டுமென்றால் சேற்றில் வாக்லி-பிளாக் (டைகுரோமேட்டால் கரிமக் கார்பனை அளக்கும் முறை) செய்யலாம், ஆனால் அங்கேயும் உப்பு கூட்டிக் காட்டும். சேற்றை முதலில் காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்க.

போட்டுக்கு முகத்துவாரக்குப்பத்திலோ காட்டுக்குப்பத்திலோ முந்தின நாளே போய்ப் பெரியவர்களைக் கேளுங்க. என்ன எடுக்கிறீங்க, முடிவை அவங்களுக்கும் சொல்வீங்களா என்று கேட்பாங்க. சொல்வதாக இருந்தால் மட்டும் சரின்னு சொல்லுங்க. வலை கட்டியிருக்கும் இடத்தில் கிராப் போடாதீங்க. கையால் இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு எந்தத் திட்டில் சாம்பல், எதில் களி என்று காலிலேயே தெரியும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்க. உங்க கைக்கும் தெரியும்: களி விரலில் பிசுபிசுத்து ஒட்டும், சாம்பல் முகப்பவுடர் போல வழுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைங்க. கண்ணாடி உருண்டைகள் தெரிந்தால் அது சாம்பல். அந்தப் படத்தை ஆய்வேட்டில் சேருங்க, மூலத்தைக் காட்ட எண்களை விட அது வலுவான சான்று.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த கரையோரத்தில் எடுத்தால் தனியாகக் குறித்து வைங்க. கச்சா எண்ணெயிலேயே நிக்கல் உண்டு. அங்கே நிக்கல் ஏறினால் சாம்பல்தான் காரணம் என்று எழுத முடியாது.