கோடரி வினை ‘ஹ்யூ’: வெறும் ‘வெட்டு’ போதாது

வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் ‘ஹ்யூ’ (hew) என்ற ஆங்கில வினைக்குக் ‘கோடரியால் வெட்டு’ என்ற அகராதிப் பொருளையே வைத்துவிடலாம் என்கிறார்கள் குழுவில் சிலர். எனக்கு உடன்பாடில்லை. மரத்தை வீழ்த்துவதும் கோடரிதான், விறகு பிளப்பதும் கோடரிதான். தச்சில் இந்த வினை வருவது அதற்கெல்லாம் பிறகு. உருண்டைத் தடியின் பக்கங்களைக் கோடரியாலேயே தட்டையாக்கி உத்தரம் ஆக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயக் கூரை எரிந்ததல்லவா? மறுகட்டுமானத்தில் நடுக்கூடத்தின் ஓக் உத்தரங்களை இந்த முறையில் கையாலேயே செய்தார்கள். முதலில் தடியின் மேல் நூலடித்துக் கோடு போடுவார்கள். அப்புறம் கோடு வரை ஆழமாக, இடைவெளி விட்டு, வரிசையாகக் கொத்துவார்கள். கொத்துகளுக்கு நடுவே நிற்கும் கட்டையைப் பெயர்த்தெடுத்த பிறகு, அகன்ற அலகுள்ள கோடரியால் முகத்தைச் சமமாகச் சீவிக்கொண்டே போவார்கள். ரம்பம் நாரை அறுத்துக்கொண்டு நேராகப் போகும். கோடரி வேலையில் மரத்தின் வளைவோடு இசைந்து போகலாம். நார் அதிகம் அறுபடாது, உத்தரத்துக்கு வலு கூடும்.

‘செதுக்கு’ என்றால் உளியும் சிற்பமும்தான் நினைவுக்கு வரும். அதை வாச்சி (அலகு குறுக்காக இருக்கும் தச்சுக் கருவி) வேலைக்கு விட்டுவைப்போம். ‘தறி’ ஈழத்தில் இன்றும் உயிரோடிருக்கும் நல்ல சொல், ஆனால் அது மரத்தை வெட்டிச் சாய்ப்பது. ‘பட்டையெடு’ என்றால் பட்டை உரிப்பதோடு குழம்பும்.

பழைய சொல் கேட்டவர்களுக்கு: புறநானூறு 206இல் ஔவையார் ‘மரங்கொல் தச்சன்’ என்கிறார், அடுத்த அடியிலேயே மழுவும் (கோடரி) வருகிறது. குறள் 879 முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே ‘கொல்க’ என்கிறது. இரண்டிலும் ‘கொல்’ என்றால் வெட்டுவது. அதையே எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் ‘கொன்ற உத்தரம்’ என்று எழுதினால் போலீஸ் வந்துவிடும்.

என் பரிந்துரை ‘கொத்திச் சீவு’. வேலையின் இரண்டு படிகளும் அதிலேயே இருக்கின்றன. பாளை சீவுவது, இளநீர் சீவுவது என்று ‘சீவு’ எல்லோர் வாயிலும் புழங்குவது. மரத்தை வழவழப்பாக்கும் இழைப்புளியும் சீவத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அதற்கு ‘இழை’ என்ற வினை தனியாக உண்டு. பெயர்ச்சொல்லாகச் ‘சீவல்’ மட்டும் வேண்டாம், படிப்பவர் வெற்றிலையைத் தேடுவார். ‘கொத்திச் சீவிய உத்தரம்’ என்றே எழுதலாம்.

மரத்துக்கு வெளியே இந்தச் சொல்லைத் திணிக்கக் கூடாது. இங்கிலாந்தின் டர்ஹம் சுரங்கங்களில் ‘ஹ்யூவர்’ என்பவர் பிக்காசால் நிலக்கரி கொத்தியவர். அங்கே ‘கொத்து’ போதும். எத்தியோப்பியாவில் லாலிபெலாவின் 11 பாறைத் தேவாலயங்களுக்கும் ஆங்கிலத்தில் ‘ஹ்யூ’தான். அதற்கு நம்மிடம் ‘குடை’ என்ற வினை இருக்கிறது, குடைவரை என்று பழகியும் விட்டோம். ஆகவே தொகுப்பில் மரம், நிலக்கரி, பாறை மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு போடுவோம்.

குழுவில் தச்சுக் குடும்பத்தார் இருந்தால் ஒரு கேள்வி: சீவுவதற்கு முன் வரிசையாகக் கொத்திவிடுகிற அந்தப் படிக்குப் பட்டறையில் தனிப் பெயர் உண்டா? இருந்தால் என் ‘கொத்தி’யை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்.