போர் இல்லாவிட்டால் கண் லென்ஸ் வந்திருக்காதா? பட்டிமன்றத்துக்கு விவரம் வேண்டும்

திருமங்கலம் டீச்சர்
அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் வைத்திருக்கிறோம். தலைப்பு: மருத்துவத்தில் மாற்றத்தைக் கொண்டுவருவது தேவையா, தற்செயலா? தேவை அணி, கண்புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண் காயத்தைப் பார்த்துத்தான் லென்ஸ் பிறந்தது, ஆகவே போரின் தேவை என்று எழுதியிருக்கிறார்கள். இது சரியா? சரியென்றால், 1949இல் வந்த லென்ஸ் நம் பக்கத்துக் கண் முகாம்களுக்கு வந்து சேர ஏன் 40 வருஷத்துக்கு மேல் ஆனது? இன்னொன்று, பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் "புரை நல்லா முத்தட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்களாம். இதையும் வாதத்தில் சேர்க்கலாமா?

வைகைக்கரை
டீச்சர், பிள்ளைகள் எழுதியதில் பாதி சரி. விமானத்துக்கு எளிதில் உடையாத, கனம் குறைந்த கண்ணாடி தேவைப்பட்டது, அதனால் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் விமானி உட்காரும் இடத்துக்கு மூடி செய்தார்கள். குண்டடியில் அந்த மூடி சிதறி விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் போயின. சாதாரணக் கண்ணாடித் துண்டு போன கண்ணைவிட, பெர்ஸ்பெக்ஸ் துண்டு இருந்த கண் அமைதியாக இருந்ததை லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். போர் கொடுத்தது அந்தக் கவனிப்பு மட்டும்தான். புரையை எடுத்த இடத்தில் வேறு லென்ஸ் வைக்க வேண்டும் என்பது போரின் தேவை அல்ல, வயசானவர்களின் தேவை. புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர், எடுத்ததற்குப் பதில் ஒன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டதுதான் ரிட்லியை உந்தியது என்பார்கள். 1949 நவம்பர் 29இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் அறுவை நடந்தது.

அது வெற்றிக் கதை என்று பிள்ளைகள் முடித்துவிட வேண்டாம். இயற்கை லென்ஸின் வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் கடைந்தார்கள். பெர்ஸ்பெக்ஸ் இயற்கை லென்ஸைவிட ஒளியை அதிகம் வளைக்கும், ஆகவே பவர் எக்கச்சக்கமாகக் கூடி, நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. அந்த லென்ஸ் இன்றைய லென்ஸைவிடப் பல மடங்கு கனம் என்பதால் சிலருக்கு இடம் நழுவிக் கண்ணுக்குள் விழுந்தது, சிலருக்கு உள் அழுத்தம் ஏறியது. பெரிய மருத்துவர்கள் பலர் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது.

தியேட்டர் சிஸ்டர்
40 வருஷத் தாமதத்துக்குப் பதில் அறுவை முறையிலேயே இருக்கிறது. அப்போது முகாம்களில் 10, 12 மி.மீ. நீளத்துக்குக் கண்ணைத் திறந்து, லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையோடு சேர்த்து முழு லென்ஸையும் உருவி எடுத்துவிடுவார்கள். குளிர்ந்த முனையைத் தொட்டு உறையவைத்து இழுப்பது வழக்கம். உறையே போய்விட்டால் புது லென்ஸை எங்கே உட்கார வைப்பது? பின்பக்க உறையைக் காப்பாற்றும் முறை வேண்டும். அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும், கருவிழியின் உட்படலத்தைக் காக்கும் கொழகொழ மருந்து வேண்டும், பழகிய கை வேண்டும். கடைசியாக லென்ஸ் விலை. 1990 வாக்கில் வெளிநாட்டு லென்ஸ் 100 டாலரை ஒட்டி இருந்தது. இலவச முகாமில் அதை யார் வைப்பது? 1992இல் மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் தொடங்கிச் சுமார் 10 டாலருக்குக் கொடுத்த பிறகுதான் பாதை திறந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை மாணவர்கள் விட்டுவிடக் கூடாது. டாக்டர் கோ. வெங்கடசாமி ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். பெரியாஸ்பத்திரிப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அங்கே வந்தது அமைப்பில் மாற்றம். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளியைச் சிஸ்டர்கள் பக்கத்து மேஜையில் தயார் செய்துவிடுவார்கள். முடிந்ததும் மைக்ரோஸ்கோப் அங்கே திரும்பும். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, டாக்டர்தான் செய்ய வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்தார்கள். இது இல்லாமல் லென்ஸ் மலிந்திருந்தும் பயனில்லை.

மேலூர் முகாம்
டீச்சர், "முத்தட்டும்" என்பதை மூடநம்பிக்கை என்று பிள்ளைகள் கிண்டலடித்துவிடப் போகிறார்கள், தடுத்துவிடுங்கள். ஒரு காலத்தில் அது சரியான வைத்திய அறிவுரை.

லென்ஸ் வைக்காத காலத்தில் ஆபரேஷன் முடிந்ததும் +10 பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உருவத்தைக் கிட்டத்தட்ட 25, 30 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். மற்றக் கண் நன்றாக இருந்தால் ஒரு கண்ணில் பெரிய உருவம், இன்னொன்றில் சின்ன உருவம். மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது, எல்லாம் இரண்டாகத் தெரியும். ஆகவே இரண்டு கண்ணும் நன்றாக மங்கும்வரை பொறுத்திருப்பதே புத்தி. அதோடு, முற்றிய புரைதான் சிதறாமல் முழுசாக வெளியே வரும். அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வளையம் அளவுக்குப் பார்வையே இருக்காது. வரப்பில் நடக்கும்போது மாடு திடீரென்று முன்னால் முளைத்த மாதிரி இருக்கும். கண்ணாடி உடைந்தால் பழையபடி குருடு.

இப்போது லென்ஸ் உள்ளேயே இருக்கிறது, உருவம் பெருக்காது. காத்திருக்கக் காரணம் போய்விட்டது, பேச்சு மட்டும் நிற்கிறது. காத்திருப்பதில்தான் இன்று ஆபத்து. மிகவும் முற்றினால் புரை இறுகிக் கல்லாகும், எடுப்பது சிரமம். சிலருக்கு உள்ளிருந்து கசிந்து அழுத்தம் ஏறி, கடும் வலியோடு பார்வையே போகும். வேலைக்கோ நடமாட்டத்துக்கோ இடைஞ்சல் என்றாலே காட்ட வேண்டும்.

ஒரு மாசம் தலைக்கு ஊற்றக் கூடாது, அசையாமல் படுக்க வேண்டும் என்பதும் அந்த நீளக் காயமும் தையலும் இருந்த காலத்து விதி. இன்றைய தையலில்லா முறையில் வெள்ளைவிழியில் 6, 7 மி.மீ. சுரங்கம் மாதிரி வெட்டுகிறார்கள், அது தானாக மூடிக்கொள்ளும். மடித்து உள்ளே விடும் மடக்கு லென்ஸ் என்றால் வெட்டு 3 மி.மீ.க்கும் குறைவு. கண்ணைக் கசக்காமலும் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்வது மட்டும் இன்றைக்கும் அவசியம்.

திருமங்கலம் டீச்சர்
மிக்க நன்றி. எதிரணி ஒன்று கேட்கும்: இலவசம், தங்கமான முறை, அப்படியும் ஏன் வருவதில்லை? தேவை இருந்தால் வந்திருக்க வேண்டுமே?

மேலூர் முகாம்
ஆபரேஷன் இலவசம், வருவது இலவசம் இல்லை. பஸ் கட்டணம், சாப்பாடு, கூடவரும் மகனின் இரண்டு நாள் கூலி எல்லாம் செலவு. பாட்டிகளுக்குத் துணை கிடைப்பதே பெரும்பாடு. அதனால்தான் ஊருக்குள் பரிசோதனை மட்டும் வைத்து, அறுவைக்கு வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கே அழைத்துப்போய், சாப்பாடும் போட்டு, மறுபடி ஊரில் விடும் முறை வந்தது. முன்பு பள்ளிக்கூடத்தையே தியேட்டராக்கினார்கள். அதில் கிருமித் தொற்றுக்கு இடமிருந்தது. இன்று தியேட்டர் ஊருக்கு வருவதில்லை, நோயாளிதான் போகிறார்.

தியேட்டர் சிஸ்டர்
இன்னொரு நுணுக்கம், அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். லென்ஸ் பவரைக் கணக்கிடக் கண்ணின் நீளத்தையும் கருவிழி வளைவையும் அளக்கிறார்கள். நீளத்தில் 1 மி.மீ. தப்பினால் பார்வை சுமார் 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தப்பும். கருவிழியில் வைக்கும் ஸ்கேன் முனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே கண் குட்டையாகக் காட்டும், பவர் கூடிய லென்ஸ் தேர்வாகும், நோயாளிக்குத் தூரம் மங்கும். ரிட்லி பட்ட பாட்டின் சின்ன வடிவம் இது.

வைகைக்கரை
மேடைக்கு ஒரு செய்முறை: ஒரே முகப்படத்தை 5 செ.மீ. அகலத்தில் ஒன்றும் 6.5 செ.மீ. அகலத்தில் ஒன்றுமாக அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். நடுவே மூக்குவரை நீளும் அட்டை ஒன்றைத் தடுப்பாகப் பிடித்து, இடது கண்ணில் ஒன்றும் வலது கண்ணில் ஒன்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகச் சேராது. தாத்தா ஏன் காத்திருந்தார் என்பதை அந்தப் பிள்ளையே எதிரணிக்குச் சொல்லிவிடும்.