மேக்ஸில்லா (மேல்தாடை) எலும்பைக் கையில் கொடுத்தால் வலதா இடதா என்றே தெரியவில்லை

குறிஞ்சிப்பாடிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பல் மருத்துவம் (பி.டி.எஸ்.) முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். போன வாரம் அனாடமி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, "எந்தப் பக்கத்து மேக்ஸில்லா?" என்று கேட்டார்கள். வலது என்றேன். "எப்படிச் சொல்றே?" என்றதும் வாயடைத்துப் போய்விட்டேன். அது இடதாம்.

ஃப்ரான்டல், ஸைகோமாட்டிக், பாலட்டைன், ஆல்வியோலார் என்று அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாலு ப்ராசஸும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எலும்பு கைக்கு வந்தால் மட்டும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறது. ஊரிலிருந்து கடலூர் வந்து பாண்டி பஸ் மாறுகிறேன், படிப்பதெல்லாம் பஸ்ஸில்தான். எலும்பை அங்கே எடுத்துப் பார்க்கவும் முடியாது, பக்கத்து சீட்டில் இருப்பவர் இறங்கி ஓடிவிடுவார்.

இன்னும் இரண்டு சந்தேகம். அண்ணத்தில் எந்த நரம்பு எங்கே வெளியே வருகிறது என்பது மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. அப்புறம், அந்த எலும்புக்குள் இருக்கிற காற்றறையை, அதாவது சைனஸை, நாம் ஏன் இவ்வளவு விலாவாரியாகப் படிக்க வேண்டும்? அது இ.என்.டி. வேலை இல்லையா?

ஹவுஸ்சர்ஜன்_பாண்டி எழுதியது:

தங்கச்சி, ப்ராசஸ் பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் பெரிய ஓட்டையைத் தேடு. அது சைனஸின் வாசல், மூக்குப் பக்கம் பார்க்கும். பல் குழிகள் கீழே. ட்யூபராசிட்டி என்கிற உருண்டு திரண்ட புடைப்பு பின்னால். இந்த மூன்றையும் சரியாக வைத்துக்கொண்டு உன் முகத்துக்குப் பக்கத்தில் பிடி. ஓட்டை உன் மூக்கைப் பார்த்தபடி எலும்பு எந்தக் கன்னத்தில் பொருந்துகிறதோ அந்தப் பக்கம்தான். நான் முதல் வைவாவில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விளக்கினேன், அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை.

மஞ்சக்குப்பம்_பல்டாக்டரம்மா எழுதியது:

தம்பி சொன்னது சரி. இந்த எலும்பின் உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படம்: பக்கவாட்டில் சாய்த்து வைத்த சமோசா, உள்ளே மசாலா இல்லை. அடிப்பாகம் மூக்கைப் பார்க்கும், முனை கன்ன எலும்பை நோக்கிப் போகும். மேல்புறம் கண் குழியின் தரை. மசாலா இருக்க வேண்டிய இடம்தான் சைனஸ், பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி பிடிக்கும்.

நரம்புக்கு வருகிறேன். நானும் தமிழ் மீடியம்தான்மா. 22 வருஷமாகக் கிளினிக் நடத்துகிறேன், இன்றைக்கும் அண்ணத்தை மெல்லின எழுத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். பஸ்ஸிலேயே செய்யலாம். "பந்து" என்று மெதுவாகச் சொல்லி அந்த 'ந்'தில் நில். நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தில் இருக்கும். "கன்னம்" சொல், நுனி கொஞ்சம் பின்னே ஈற்று மேட்டுக்கு வரும். அந்த இடத்தில், நடு முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால், சின்னப் பரு போல ஒன்று நாக்கில் இடறுகிறதா? சூடான காபி குடித்தால் முதலில் வெந்து போகிற இடம். அதுதான் இன்சிசிவ் பாப்பில்லா. அதற்கு மேலே எலும்பில் துளை, அதன் வழியாக நேஸோபாலட்டைன் நரம்பு இறங்கி, ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை உள்பக்க ஈறுக்கு வருகிறது. "கண்" சொன்னால் நுனி மடிந்து கடின அண்ணத்தைத் தொடும். "பஞ்சு"வில் நாக்கின் நடுப்பகுதியே அங்கே போய் ஒட்டும். "சங்கு"வில் பின்நாக்கு தொடுவது மெல்லண்ணம், அங்கே எலும்பு கிடையாது. 'ம'வுக்கு உதடு போதும்.

கடின அண்ணம் முழுக்க மேக்ஸில்லா என்று எழுதிவிடாதே. முன்பக்கம் முக்கால்வாசிதான் அது. பின்னால் கால்வாசி பாலட்டைன் என்கிற தனி எலும்பு. கிரேட்டர் பாலட்டைன் துளை அந்தப் பின்பகுதியில், கடைசிக் கடைவாய்ப்பல்லை ஒட்டிய உள்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதே பெயருள்ள நரம்பு முன்னோக்கி ஓடி, கோரைப்பல் அருகே நேஸோபாலட்டைனோடு கைகோர்க்கும்.

சைனஸ் இ.என்.டி. வேலையா என்றாயே. துறைமுகத்தில் மீன் விற்கிற ஓர் அக்கா வந்தார். மேல் வலது கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எந்தப் பல் என்றால் ஒன்றைக் காட்டவில்லை, நாலையும் காட்டினார். தட்டிப் பார்த்தால் நாலுமே வலிக்கிறது, சொத்தை ஒன்றிலும் இல்லை. "எப்போக்கா அதிகமா வலிக்குது?" என்றேன். "குனிஞ்சு கூடையத் தூக்குறப்ப" என்றார். பத்து நாளாகச் சளி வேறு. மேல் பற்களுக்குப் போகிற நரம்புகள் சைனஸின் சுவரை ஒட்டித்தான் ஓடுகின்றன. அதனால் சுவர் வீங்கினால் பல் கத்தும். சைனஸின் வடிகால் துளையோ சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது, நிமிர்ந்து நிற்கும்போது உள்ளே இருப்பது சுலபமாக வடியாது. பல்லைத் தொடாமல் இ.என்.டி.க்கு அனுப்பினேன். அடுத்த மாதம் வஞ்சிரம் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் அப்படி நல்லபடியாக முடியவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் மேல் முதல் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினேன். அதற்கு மூன்று வேர், கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. அண்ண வேரோடு மெல்லிய எலும்புச் சில்லும் ஒட்டிக்கொண்டு வந்தது. கொப்பளிக்கச் சொன்னால் தண்ணீர் மூக்கு வழியே வருகிறது! சைனஸின் தரையைப் பெயர்த்திருக்கிறேன். ஓட்டை 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ரத்தம் உறைந்து தானாகவே மூடிக்கொள்ளும். அது பெரியது, சீனியர் சர்ஜன் ஈற்றுச் சதையை இழுத்துத் தைத்தார். எக்ஸ்ரேயில் வேர் நுனிக்கும் சைனஸுக்கும் நடுவே எவ்வளவு எலும்பு என்று நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்க்காமல் பல் பிடுங்கும் குறட்டைத் தொடுவதில்லை.

குறிஞ்சிப்பாடிக்காரி எழுதியது:

மேடம், ரொம்ப நன்றி. காலையில் பஸ்ஸில் பந்து, கன்னம், கண், பஞ்சு, சங்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த ஆயா, "பள்ளிக்கூட டீச்சரா?" என்று கேட்டார். பாப்பில்லா நாக்கில் நன்றாகவே தெரிகிறது. பின்னால் இருக்கிற துளை மட்டும் விரலால் தடவினாலும் பிடிபடவில்லை.

மஞ்சக்குப்பம்_பல்டாக்டரம்மா எழுதியது:

அங்கே சதை தடிப்பு, உன் விரலும் தடிமன், அதனால்தான் பிடிபடவில்லை. காது பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பல் வரிசைக்கு உள்ளே, அண்ணம் வளைகிற ஓரத்தில் அழுத்திக்கொண்டே பின்னால் போ. ஓரிடத்தில் குச்சி லேசாக உள்வாங்கும், அதுதான். ஊசி போடும் முன் நாங்களும் இப்படித்தான் தேடுகிறோம். ரொம்பப் பின்னால் போகாதே, ஓங்கரித்துவிடும். சாப்பிட்ட கையோடு வேண்டாம்.